சித்திரக் கதைத் திருவிழாவும் படைப்பாளியின் கூலியும்

ஆண்டுதோறும் யூலை மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள சான் டியேகோ நகரில் ஒரு மாநாடு கூடுகிறது. அரசியல் மாநாடன்று, விஞ்ஞான மாநாடுமன்று. சித்திரக் கதைகளின் இரசிகர்கள் கூடும் மாநாடு. சில நாட்களுக்குள் 1,30,000க்கு மேற்பட்டோர் அங்கு வந்து செல்கின்றனர். தாம் விரும்பும் கதாநாயகனைப்போல உடையணிந்து ஒருவர் வருகிறார். தம்மிடமில்லாத பழைய இதழொன்றைத் தேடி இன்னொருவர் வருகிறார். ஓர் ஓவியரின் கையெழுத்தைப் பெறுவதற்காக மற்றொருவர் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார். நியூயோர்க்கிலும் லண்டனிலும் மும்பாயிலும் இதே வகைத் திருவிழாக்கள் நிகழ்கின்றன. 2015 முதல் எமது கொழும்பு மாநகரும் இவ்வரிசையில் சேர்ந்துள்ளது.

இக்கூட்டத்தைக் கண்டு நாம் முகஞ்சுளிக்கவில்லை. ஒரு கதையின்மீது கொண்ட அன்பு முன்பின் அறியாத மனிதரை ஒரே கூரையின்கீழ்க் கூட்டுமாயின் அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இரண்டு வினாக்களை எழுப்பாமல் இத்திருவிழாவை நாம் கடந்து செல்லமுடியாது. இரசிகன் யாருக்கு இரசிகன்? சேகரிப்போன் சேகரிப்பது எதனை? இவற்றுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே இது மக்களின் பண்பாட்டு விழாவா, அன்றி வணிகரின் சந்தையா என்பது தீர்மானிக்கப்படும்.

முற்போக்கு எண்ணம் படைத்தோருள்ளும் சிலர் இவ்வினாக்களையே வீணெனக் கருதுவர். "சித்திரக் கதையா? அது அமெரிக்க முதலாளித்துவத்தின் மலிவுச் சரக்கு. அதைப்பற்றிப் பேசுவதே காலவிரயம்" என்பது அவர்கள் வாதம். மக்கள் கோடிக்கணக்கிற் படிப்பதை ஆராயாது ஒதுக்குவது முற்போக்கன்று. அது பழைய பண்டிதரின் தீண்டாமையே. அப்பண்டிதர் நாவலையும் சிறுகதையையும் இப்படித்தான் ஒதுக்கினர்.

வரலாறும் இவர்கள் பக்கம் இல்லை. சுப்பர்மானைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் கிளீவ்லன்ட் நகரில் வளர்ந்த, யூதக் குடியேறிகளின் மக்கள். பொருளாதார மந்தத்தின் கொடுமையைக் கண்டு வளர்ந்தவர்கள். 1938 இல் அவர்கள் எழுதிய முதற் கதைகளிற் சுப்பர்மான் எதிர்த்தது வேற்றுலக அரக்கரையல்ல. ஊழல் அரசியல்வாதியையும் மனைவியை அடிப்பவனையுமே. 'அக்ஷன் கொமிக்ஸ்' மூன்றாவது இதழில், தொழிலாளரின் பாதுகாப்பைப் புறக்கணித்த சுரங்க முதலாளியொருவனையும் அவனது விருந்தினரையும் சுரங்கத்துக்குள்ளேயே அகப்படச் செய்து, தொழிலாளி நாளாந்தம் படும் அச்சத்தை அவர்களுக்கு உணர்த்துகிறான். இதனைக் குப்பை என்று தள்ளுவோர் அதனைப் படிக்காதவர்களே.

இனி அந்தப் படைப்பாளிகளுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். 13 பக்கக் கதைக்குப் பக்கம் ஒன்றுக்கு 10 டொலராக 130 டொலரைப் பெற்றுக்கொண்டு, சுப்பர்மானின் சகல உரிமைகளையும் பதிப்பகத்தாருக்கு அவர்கள் எழுதிக்கொடுத்தனர். அப்போது இருவருக்கும் வயது 23. சுரங்க முதலாளிக்குப் பாடம் புகட்டியவனை மற்றொரு முதலாளி 130 டொலருக்கு விலைக்கு வாங்கிவிட்டான். 1947 இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர், வேலை போயிற்று, கதைகளிலிருந்து அவர்களின் பெயர்களும் போயின. பின்னாளிற் சீகல் எழுதுவினைஞராகப் பணிபுரிந்தார். ஷுஸ்டரின் கண்பார்வை மங்கிப்போயிற்று. சுப்பர்மான் திரைப்படம் பெரும் பொருட்செலவில் ஆயத்தமாகிக்கொண்டிருந்த 1975 இல், ஏனைய ஓவியர்கள் அவர்களுக்காகக் குரலெழுப்பிய பின்னரே, ஆண்டுக்கு 20,000 டொலர் வீதம் ஓய்வூதியமும் பெயர் பொறிக்கும் உரிமையும் கிடைத்தன.

அந்த முதலாவது இதழ் 1938 இல் 10 சதத்துக்கு விற்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அதன் பிரதியொன்று 60 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று. அதில் ஒரு சதமேனும் படைத்தவரின் குடும்பத்தைச் சேருமென்று எந்தச் சட்டமும் கூறவில்லை. இதனினும் கொடியதொன்று உண்டு. அந்த 130 டொலரை உள்ளடக்கி 1938 இல் அவர்களுக்கு எழுதப்பட்ட காசோலையும் ஏலத்துக்கு வந்தது. அதில் இருவர் பெயர்களும் எழுத்துப் பிழையுடன் எழுதப்பட்டிருந்தன. 2012 இல் ஒருவர் அதனை 1,60,000 டொலர் கொடுத்து வாங்கினார். உழைப்பாளி ஏமாற்றப்பட்டதற்கான சான்றுப் பத்திரமே உழைப்பாளியின் கூலியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் விலைபோயிற்று! ஏலம் நிகழ்ந்தபோது சீகலும் இல்லை, ஷுஸ்டரும் இல்லை.

விலை எங்கிருந்து வந்தது? தாளிலிருந்தா? மையிலிருந்தா? பழைய இதழ்கள் ஏன் அரிதாயின என்பதைச் சிந்தித்தால் விடை புலப்படும். 1938 இன் சிறுவன் தன் 10 சதத்துக்கு வாங்கிய இதழைப் படித்தான், தம்பிக்குக் கொடுத்தான், அயல்வீட்டுத் தோழனிடம் மாற்றிக்கொண்டான். அது கைக்குக் கை மாறி, மூலை மடிந்து, அட்டை கிழிந்து, ஈற்றில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கழிவுத்தாள் சேகரிப்பிற் போய்ச் சேர்ந்தது. எஞ்சியவை சிலவே. ஆகவே எஞ்சிய பிரதியின் விலையை உண்டாக்கியவர்கள், ஏனைய பிரதிகளைக் கிழியும்வரை படித்த இலட்சக்கணக்கான சிறுவர்களே. படைத்தவனின் உழைப்பும் படித்தவனின் அன்பும் சேர்ந்து உண்டாக்கிய பெறுமதியை, இரண்டிலும் பங்கில்லாத ஒருவன் அறுவடை செய்கிறான். பயன்பாட்டுப் பெறுமதிக்கும் பரிவர்த்தனைப் பெறுமதிக்கும் உள்ள முரண்பாட்டை மாணாக்கர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர்க்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அம்முரண்பாடு இன்று உச்சிக்கு ஏறியுள்ளது. அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் தோன்றிற்று. சேகரிப்போர் அனுப்பும் இதழை அது சோதித்து, 10க்கு இத்தனை புள்ளி என்று மதிப்பிட்டு, கடினமான பிளாஸ்ரிக் உறைக்குள் இட்டு மூடித் திருப்பியனுப்பும். உறையைத் திறந்தால் அந்த மதிப்பீடு செல்லாது. அதாவது, புத்தகத்தைப் படித்தால் அதன் மதிப்புப் போய்விடும்! மாநாட்டு மண்டபங்களில் இவ்வுறைகள் இன்று வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. புதிதாக அச்சிட்ட இதழையும் ஓவியரிடம் கையெழுத்து வாங்கியவுடன் உறையிட அனுப்புவோர் உளர். எழுத்தாளன் எழுதியதும் ஓவியன் வரைந்ததும் உள்ளே கிடக்க, அட்டையும் எண்ணுமே கைமாறுகின்றன. படிக்கப்படாத நூல் என்பது நூல் வடிவில் உள்ள நாணயத்தாளே.

இதன் முடிவு எதுவென்பதையும் நாம் ஏற்கனவே கண்டுள்ளோம். 1991 இல் 'எக்ஸ் மென்' முதலாவது இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளுடன் வெளிவந்து 80 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. 1992 இல் சுப்பர்மான் இறக்கும் இதழைக் கருப்பு உறைக்குள் மூடி விற்றனர். படிப்பதற்கு ஒன்று, பூட்டிவைக்க ஒன்று என்று மக்கள் வாங்கினர். நாளை இது பிள்ளையின் கல்விச் செலவுக்கு உதவுமென்று நம்பியோரும் உளர். எல்லோரும் பூட்டிவைத்த பொருள் எங்ஙனம் அரிதாகும்? குமிழி வெடித்தது. கடைகள் மூடப்பட்டன, 1996 இன் இறுதியில் மார்வல் நிறுவனமே கடனிறுக்க வகையின்றி நீதிமன்றத்தை நாடியது. நட்டம் யாருக்கு? சிறு கடைக்காரருக்கும், வேலையிழந்த ஓவியருக்கும், சேமிப்பைக் கொட்டிய வாசகனுக்குமே.

மாநாடு என்ற நிகழ்ச்சி இத்தகைய சந்தையாகவே பிறந்ததா? இல்லை. 1964 யூலை 27 அன்று நியூயோர்க்கில் நடந்த மாநாட்டைத் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்வர். அதனைக் கூட்டியவர்கள் பதின்ம வயது இளைஞர்கள். வந்தவர்கள் நூறு பேரளவினர். அவர்கள் கூடிய இடம் எது? யூதக் குடியேற்றத் தொழிலாளர் ஒருவருக்கொருவர் உதவுவதற்காக 1900 இல் நிறுவிய தொழிலாளர் வட்டம் என்ற தாபனத்தின் கட்டிடம். சான் டியேகோ மாநாடும் இவ்வாறே தொடங்கிற்று. 1970 ஓகஸ்டில் ஒரு விடுதியில் 300 பேரளவிற் கூடினர். ஓவியர் ஜக் கேர்பியும் எழுத்தாளர் றே பிரட்பரியும் அவர்களிடையே வந்து பேசினர். வாசகனும் படைப்பாளியும் இடையில் வணிகனின்றிச் சந்தித்தனர். அந்நாளைய மாநாட்டின் உயிர் அதுவே.

அச்சந்திப்பின் விளைவை அறிய ஒரு வரலாற்றைக் கூறவேண்டும். பட்மான் 1939 இல் தோன்றியவன். ஓவியர் பொப் கேன் என்ற ஒருவரின் பெயரே அவனைப் படைத்தவராகப் பல்லாண்டுகள் அச்சிடப்பட்டு வந்தது. ஆனால் முதற் கதையை எழுதியவர் பில் ஃபிங்கர். உடையின் தோற்றத்தை வகுத்ததிலும், நகருக்குக் கொதம் எனப் பெயரிட்டதிலும் அவர் பங்கு பெரிது. இவ்வுண்மை பதிப்பகச் சுவர்களுக்கு வெளியே எவருக்கும் தெரியாது. 1965 இன் கோடையில் நியூயோர்க் இரசிகர் மாநாட்டு மேடையில் ஃபிங்கர் தோன்றினார். அவ்வாண்டிலேயே, அவருடன் உரையாடி அறிந்தவற்றை ஜெரி பேல்ஸ் என்ற இரசிகர் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். பேல்ஸ் யார்? டெட்ரொயிற் நகரின் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கற்பித்த ஓர் ஆசிரியர்.

கேன் சினந்து மறுத்தார். ஃபிங்கர் 1974 இல் வறுமையில் இறந்தார். 1989 இல் வெளிவந்த தமது வரலாற்று நூலிற் கேன் ஃபிங்கரின் பங்கை ஒப்புக்கொண்டார். பட்மான் கதைகளில் ஃபிங்கரின் பெயரும் சேர்க்கப்படுமென்று உரிமை நிறுவனம் 2015 இல் அறிவித்தது. பேல்ஸின் கட்டுரைக்குப் பின் 50 ஆண்டுகள் சென்றன! எனினும் வென்றது அந்த ஆசிரியரின் கட்டுரையே. சேகரிப்பு என்ற சொல்லுக்குப் பேல்ஸ் கொண்ட பொருளையும் கவனிக்கவேண்டும். அவர் இதழ்களைத் தேடியது யார் எழுதினர், யார் வரைந்தனர் என்று அறிந்து பதிவு செய்வதற்காக. அரிய இதழ்களை நுண்படச் சுருளிற் பதிந்து பிறரும் படிக்கச் செய்தார். உறையிட்டு மூடியவர்கள் விலையைக் காத்தார்கள். பேல்ஸ் உண்மையைக் காத்தார். இரசிகன் இத்தகையவனாகவும் இருக்கமுடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஜக் கேர்பியின் வரலாறும் இதனையே மொழிகிறது. ஆடைத் தொழிலாளியொருவரின் மகனாக நியூயோர்க் சேரியிற் பிறந்தவர் அவர். அமெரிக்கா போரில் இறங்குமுன்னரே, ஹிட்லரின் முகத்தில் குத்துவிடும் வீரனை 1941 மார்ச் இதழின் அட்டையில் வரைந்த துணிவு அவருடையது. இன்று திரையில் உலா வரும் மார்வல் நாயகர் பலரை 1960களில் ஸ்ரான் லீயுடன் சேர்ந்து உருவாக்கியவரும் அவரே. தாம் வரைந்த மூலச் சித்திரங்களை அவர் 1980களில் திருப்பிக் கேட்டபோது, ஏனையோருக்குச் சிறு படிவமொன்றை நீட்டிய நிறுவனம் அவரிடம் மட்டும் நான்கு பக்கப் பத்திரத்திற் கையொப்பம் கேட்டது. அதற்குப் பதிலாகத் தருவதாகச் சொன்னது 88 பக்கங்களை! அவர் வரைந்தவையோ ஆயிரமாயிரம். அவருக்குக் கிடைக்காத பக்கங்கள் பல சேகரிப்போர் சந்தையிற் கைமாறிக்கொண்டிருந்தன. வாசகரும் சக ஓவியரும் எழுத்தாளரும் இரசிகர் சஞ்சிகைகளிலும் மாநாட்டு மேடைகளிலும் போராடினர். 1987 இல் ஏறத்தாழ 2,000 பக்கங்கள் அவரிடம் திரும்பின. அவர் 1994 இல் மறைந்தார். வாரிசுகளுடன் நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது 2014 இலேயே.

இந்த வரலாற்றை மனதிற்கொண்டு இன்றைய மாநாட்டை நோக்குவோம். சான் டியேகோ மாநாட்டை நடத்துவது இலாப நோக்கற்ற தாபனம் என்பது உண்மையே. ஃபிங்கரின் பெயரால் மறக்கப்பட்ட எழுத்தாளருக்கு அங்கு ஆண்டுதோறும் விருது வழங்குவதும் பாராட்டத்தக்கதே. ஆயினும் மண்டபத்தின் நடுவிடத்தைப் பிடித்திருப்போர் யார்? திரைப்பட நிறுவனங்களும் பொம்மை வியாபாரிகளுமே. 6,500 பேரளவினர் அமரும் பெருமண்டபமொன்றில், வரவிருக்கும் படத்தின் சில நிமிடத் துண்டைக் காண்பதற்காக இளைஞர் இரவு முழுவதும் தெருவோரத்திற் படுத்துக் காத்திருக்கின்றனர். விளம்பரத்தைக் காண மக்கள் தாமே பணம் செலுத்தி வரிசையில் நிற்கும் விந்தையை வேறெங்கே காண்போம்? நாயகனை வரைந்த முதிய ஓவியரோ ஒரு மூலை மேசையின் பின்னால், கையெழுத்து விற்று நாட்செலவைத் தேடிக்கொண்டிருப்பதும் உண்டு.

திரைப்பட நிறுவனங்கள் விலகினால் மாநாடே அழிந்துவிடும் என்பார்க்கு 2023 ஆம் ஆண்டு விடையளித்தது. அவ்வாண்டு மே மாதம் எழுத்தாளரும் யூலை 14 இல் நடிகரும் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஒரு வாரத்துக்குள் மாநாடு கூடவேண்டும். தொழிற்சங்க விதிப்படி நடிகர்கள் தம் படங்களுக்கு விளம்பரம் செய்ய மறுத்தனர். பெரு நிறுவனங்கள் பல ஒதுங்கிக்கொண்டன. மாநாடு நின்றதா? நிற்கவில்லை. மக்கள் திரளாகவே வந்தனர், ஓவியரின் மேசைகளை நாடினர், இதழ்களைப் புரட்டினர். நட்சத்திரமின்றித் திருவிழா நடக்கும். வரைபவனும் வாசகனும் இன்றி நடவாது. வேலைநிறுத்தம் கற்பிக்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

யப்பானின் அனுபவமும் சிந்தனைக்குரியது. 1975 டிசெம்பரில் 32 குழுக்களும் 700 பேரளவினரும் கூடி டோக்கியோவில் ஒரு சித்திரக் கதைச் சந்தையைத் தொடங்கினர். தாமே எழுதி, தாமே வரைந்து, தாமே அச்சிட்ட நூல்களைத் தாமே விற்பது அதன் முறை. அங்கு வாடிக்கையாளர் என்று எவருமில்லை, வந்தோர் யாவரும் பங்குபற்றுவோரே என்பது அதன் கோட்பாடு. இன்று இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். வணிகமும் அங்கு நுழைந்துள்ளது. எனினும் இரசிகன் வாங்குவோனாக மட்டுமே இருக்கவேண்டும் என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை என்பதை அது மெய்ப்பித்துள்ளது.

ஒரு மறுப்பை நாம் எதிர்பார்க்கிறோம். "சேகரிப்போர் இல்லையேல் பழைய இதழ்கள் அழிந்திருக்குமே!" என்பர். உண்மை. பதிப்பகத்தார் எறிந்தவற்றைக் காத்தவர்கள் சேகரிப்போரே. அந்தத் தொண்டை நாம் வணங்குகிறோம். ஆனால் காப்பது வேறு, பதுக்குவது வேறு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்திலும் அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகத்திலும் பெருந்தொகையான சித்திரக் கதை இதழ்கள் பேணப்படுகின்றன. ஆராய்ச்சியாளர் அங்கு சென்று அவற்றைத் திறந்து படிக்கலாம். நூலகத்தின் அலுமாரிக்கும் வணிகனின் இரும்புப் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு, அரிசிக் களஞ்சியத்துக்கும் பஞ்சகாலத்துப் பதுக்கல் வியாபாரியின் கிடங்குக்கும் உள்ள வேறுபாடே.

இவையெல்லாம் கடலுக்கப்பாற்பட்ட செய்திகள்தாமே என்று நாம் இருந்துவிடலாமா? 1972 இல் சிவகாசியில் 'முத்து கொமிக்ஸ்' தொடங்கியபோது முதலில் வெளிவந்தது இரும்புக்கை மாயாவி. பாக்கு நீரிணையைக் கடந்து எம் சிறுவர் பலர் கைக்கும் அது வந்தது. மாயாவியின் பெயரை அறியாத வாசகர் அத்தலைமுறையில் அரியர். ஆனால் அந்தக் கையை வரைந்த ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? பிரித்தானியப் பதிப்பகத்தார் அக்காலத்தில் ஓவியரின் பெயரை அச்சிடும் வழக்கமே கொண்டிருக்கவில்லை. அந்த மறைப்பு எம் கைவரை வந்து சேர்ந்துள்ளது. இன்று அப்பழைய தமிழ் இதழ்களுக்கும் சேகரிப்போர் பெருவிலை கொடுக்கின்றனர். அந்த நோயும் வந்துவிட்டது. மருந்தை நாமே தேடவேண்டும்.

மருந்து கடினமானதன்று. மாநாட்டுக்குச் செல்லும் மாணவ நண்பர்களே, செல்லுங்கள், மகிழ்ச்சியோடு செல்லுங்கள். ஆனால் நாயகனின் பெயரைக் கேட்குமுன் அவனைப் படைத்தவரின் பெயரைக் கேளுங்கள். கையிலுள்ள பணத்தில் முதற் பங்கைத் தம் நூலைத் தாமே விற்கும் ஓவியரின் மேசையிற் செலவிடுங்கள். வாங்கியதைப் படியுங்கள், படித்ததைப் பிறர்க்குக் கொடுங்கள். கொழும்பு மாநாட்டை நடத்துவோரிடம், எம் நாட்டுத் தமிழ், சிங்கள ஓவியர்க்கு இலவச மேசை கேளுங்கள். மூலச் சித்திரம் மறுபடி மறுபடி விலைபோகும்போது வரைந்தவர்க்கும் ஒரு பங்கு சேரவேண்டுமென்று பிரான்ஸ் 1920 இலேயே சட்டமியற்றிற்று. அத்தகைய உரிமை எங்கும் வேண்டுமென்று குரலெழுப்புங்கள். ஆசிரியர்களே, பாடசாலை நூலகத்தில் ஒரு தட்டைச் சித்திரக் கதைக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் அவற்றைக் கிழியும்வரை படிக்கட்டும். கிழிந்தால் ஒட்டிக் கொடுங்கள், மீண்டும் படிக்கட்டும்.